துணைக்கு ஒரு ஆளை உள்ளே விடுங்கள்: பிரசவ வார்டுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும், எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், பிரசவ வார்டில் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும்,

வணக்கம்.

ஊர்ப் பெயரையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த ஒரு நர்ஸுக்கு மெமோ போகும், இல்லாவிட்டால் மாற்றல் வரும். கதவு மட்டும் சாத்தியபடியே இருக்கும். அந்த மெமோவால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கதவு திறந்தால் போதும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணோடு அவள் வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளே துணைக்கு இருக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2004லேயே திட்டம் வந்துவிட்டது. மத்திய அரசு அதைச் சொன்னது 2016இல். பன்னிரண்டு வருஷம் நாம் முந்தி. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய சங்கதி. ஆனால் இத்தனை வருஷம் கழித்து, போன ஆவணியில், உங்கள் வார்டு வாசலில் இருந்த ஆயாவுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்திருக்கவில்லை. “உள்ளே யாரையும் விடறதில்லம்மா, இதென்ன புதுசாக் கேக்குற?” என்றார்.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு என் தங்கையை அட்மிஷன் போட்டோம். முதல் பிரசவம். பனிக்குடம் உடைந்து வந்தவள். “ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, நேரமாகும்” என்று சொல்லிச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பத்து நிமிஷத்தில் ஆயா வெளியே வந்து ஒரு கேரிபேக்கை என் கையில் திணித்தார். அதில் அவள் புடவை, தோடு, கொலுசு, அப்புறம் வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள். கழற்ற வராத நாலைந்தை உடைத்தே எடுத்திருக்கிறார்கள். சில்லுகள் புடவை மடிப்பில் கிடந்தன. ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும், கண்ணாடி குத்தும். நியாயம்தான், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வளையலைப் போட்டுவிட்டவளே நான்தான். அதை வாங்கிக் கேரிபேக்கில் போட்டுவிட்டு, போட்டுவிட்டவளையும் வெளியே நிறுத்தினால், உள்ளே போனவளுக்கு யார் இருக்கிறார்கள்?

குழந்தை பிறந்தது விடிகாலை ஐந்தே முக்காலுக்கு. எட்டே கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் வாசல் சிமெண்டுத் திட்டில் ஃப்ளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். சீரகத் தண்ணி. உள்ளே கொடுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். விடிந்ததும் ஆறிப்போனதை நானே குடித்தேன்.

நடுவில் ஒரே ஒரு தடவை உள்ளே போக வாய்த்தது. மூன்று மணி வாக்கில் ஏதோ கையெழுத்து வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை டீ குடிக்கப் போயிருந்ததால் நான் போனேன். நாலு மேசை. நாலிலும் ஆள். ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் மேலே கம்பி ஓடுகிறது, கம்பியில் வளையங்கள்கூட மாட்டியிருக்கிறது, திரை மட்டும் இல்லை. நான் தையல் தொழில் செய்கிறவள், கண் அங்கேதான் முதலில் போனது. அப்புறம்தான் கீழே பார்த்தேன். மூன்றாவது மேசையில் என் தங்கை, இரண்டு காலையும் மடக்கி, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், வாசலுக்கு நேராக. ஒரு வார்டு பாய் சிலிண்டரை உருட்டிக்கொண்டு குறுக்கே போனார். அவர் அவளைப் பார்க்கவில்லை, அவருக்குப் பழகியிருக்கும். அவள் அவரைப் பார்த்தாள். ட்ரிப்ஸ் ஏறாத கையால் எதையோ இழுத்து மூடிக்கொள்ளத் துழாவினாள். இழுக்க ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து வலி வந்தது. என்னைப் பார்த்து “அக்கா” என்று கத்தினாள். நர்ஸ் தொடையில் பளாரென்று ஒன்று வைத்தார். “புருஷன்கிட்டப் போறப்ப இனிச்சுதில்ல, இப்ப என்ன கத்துற?”

நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தால் தெரியும், கோணலாக இருக்கும்.

அந்த வசனம் உங்களுக்கும் புதிது இல்லை. என் அம்மாவின் தலைமுறைப் பெண்களிடம் கேட்டிருக்கிறேன், என்னிடம் ரவிக்கை தைக்க வரும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடமும் கேட்டிருக்கிறேன். ஊர்தான் வேறு, வார்த்தை ஒன்றே. எந்த நர்ஸிங் புத்தகத்திலும் இல்லாத இந்த வரி இத்தனை வார்டுகளுக்கு இவ்வளவு பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2004ஆம் வருஷத்துத் திட்டம்தான் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நர்ஸைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நாலு மேசைக்கு அந்த ராத்திரி அவர் ஒருவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். விடிந்ததும் குழந்தையைத் துடைத்து, அவள் மார்பில் போட்டு, பால் கொடுக்கப் பொறுமையாகச் சொல்லித் தந்ததும் அவரேதானாம். அதனால்தான் கேட்கிறேன்: நாலு பெண்களுக்கும் நாலு துணை ஆட்கள் உள்ளே இருந்திருந்தால், அவருக்கும் சுமை பாதியாகியிருக்காதா?

இது என் கற்பனை இல்லை, நான் அனுபவித்தது. என் மகன் 2009இல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தான். அங்கே ஏ.சி. கிடையாது, டைல்ஸ் கிடையாது, நட்சத்திரம் போட்ட சான்றிதழும் கிடையாது. ஆனால் என் அம்மா கூடவே இருந்தார். நர்ஸம்மா அம்மாவிடம், “நீங்க இடுப்பைத் தேய்ச்சு விடுங்க, நான் அந்தப் பொண்ணைப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போவார். என்னைக் கொஞ்சம் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன், அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு. வலி ஏறும்போது அம்மாவின் கையைக் கிள்ளியே ரத்தம் வரவைத்துவிட்டேன். அந்தத் தழும்பை அம்மா இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்கும் வலித்தது, நானும் கத்தினேன். யாரும் என்னை அடிக்கவில்லை. அம்மா பக்கத்தில் நிற்கும்போது யார் அடிப்பார்கள்?

துணைக்கு ஆள் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணமே இதுதான். கை பிடிக்க ஓர் ஆள் என்பது பாதி. பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் என்பது மீதி. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டுதலில், பெண் விரும்பும் துணை, மரியாதையான கவனிப்பு இரண்டையும் எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைக்கிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. மாத்திரை இல்லை, மெஷின் இல்லை. ஒரு அக்காவோ அம்மாவோ பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுப்புக்கு நீங்கள் சொல்லும் காரணங்களும் தெரியும். நோய்த்தொற்று வந்துவிடும் என்பீர்கள். கை கழுவி, கவுன் மாட்டி, செருப்பை வெளியே விட்டு வரச் சொன்னால் வரமாட்டோமா? சிலிண்டர் உருட்டியவர் செருப்போடுதான் போனார். அடுத்த காரணம், மற்றப் பெண்களின் மானம். திரை இல்லாத அறையில் வெளி ஆளை விட்டால் அவர்களுக்குச் சங்கடம் இல்லையா என்று கேட்டார் ஒரு டாக்டர். நல்ல கேள்வி. அந்தத் திரை எங்கே, டாக்டர்?

மத்திய அரசின் 2016ஆம் வருஷத்து உத்தரவு, மறைவுக்கு ஏற்பாடு உள்ள அறைகளில் கணவரையே துணையாக விடலாம் என்கிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017இல் வந்த லக்ஷ்யா திட்டம் அங்கே மறைவு, துணை, கண்ணியம் என்று வரிசையாகக் கேட்கிறது. அதற்கான பலகை உங்கள் சுவரில் இருக்கிறது. பக்கத்துத் திட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சொன்னார், ஆய்வுக் குழு வந்த அன்று திரை இருந்ததாம், நீலக் கலரில். அவர் மகள் அன்றைக்குப் பிரசவித்திருக்கிறாள், கொடுத்துவைத்தவள். எங்கள் பெண்களும் இனிமேல் ஆய்வுத் தேதியைக் கேட்டுக்கொண்டு வலி எடுக்கட்டும்.

1885இல் மெட்ராஸில் மேரி ஷார்லிப் என்ற டாக்டரம்மா, ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்று வைத்தியமே பார்க்காமல் கிடந்த கோஷாப் பெண்களுக்காகத் தனியாக ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியாக இருப்பது அதுதான். பழைய ஆட்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பெண்களின் மறைவுக்காக ஓர் ஆஸ்பத்திரியே எழுந்த ராஜதானி இது. நான் கேட்பது நாலு மேசைக்குத் திரை.

நீங்கள் செய்திருப்பதை நான் மறக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, இங்கே 54. என் பாட்டி ஒரு மகளைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை நர்ஸம்மாக்களின் தூக்கம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் உயிரோடு வீட்டுக்கு வந்தாள் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. கேஸ் ஷீட்டில் பிரஷருக்குக் கட்டம் இருக்கிறது, குழந்தை எடைக்கு இருக்கிறது. தொடையில் விழுந்த அடிக்கு எங்கே கட்டம்?

இந்தப் பேச்சுக்குப் பயந்தே வட்டிக்கு வாங்கித் தனியாருக்கு ஓடுகிறார்கள். அதே குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, அங்கே நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 64 ஆபரேஷன். பிள்ளையைத் தூக்கி வந்து காட்டக் காசு கேட்பது, ஆணுக்கு ஒரு ரேட் பெண்ணுக்கு ஒரு ரேட், கர்ப்பத்தைப் பதிவு செய்து தரும் பிக்மி நம்பரில் ஒரு எழுத்துப் பிழைக்காக நாலு நாள் அலைச்சல், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டு துருப்பிடித்த புகார்ப் பெட்டி... இதெல்லாம் எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது ஒன்றுதான்: துணைக்கு ஒரு ஆளை உள்ளே விடுங்கள்.

தங்கையிடம் இதை எழுதப்போகிறேன் என்றதும், “விடுக்கா, புள்ள நல்லா இருக்குல்ல” என்றாள். பிள்ளை நன்றாக இருக்கிறான், மூன்று கிலோ நூறு கிராம். ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், எல்லாரும் தூங்கின பிறகு அவள் என்னிடம் கேட்டதை மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். “நான் கத்துனது வெளிய கேட்டுச்சாக்கா? அத்தைக்குக் கேட்டுச்சா?” எட்டே கால் மணி நேரம் தனியாகக் கிடந்து, அடியும் வாங்கி வந்தவள், கத்தியதற்கு வெட்கப்பட்டாள். கேட்கவில்லை என்று பொய் சொன்னேன்.

ஆகவே ஐயா, அம்மா, பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். வார்டு வாசலில், ஆயா கண்ணில் படுகிற இடத்தில், துணைக்கு ஒருவர் உள்ளே போகலாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஆயாவுக்கும் வாட்ச்மேனுக்கும் அதை வாயாலும் சொல்லுங்கள். யாரைத் துணைக்கு அழைப்பது என்று வலியில் இருப்பவளிடமே கேளுங்கள். சிலருக்கு மாமியார் பக்கத்தில் இல்லாமல் இருப்பதே பாதி நிம்மதி.

திரைக்கு நிதி இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். ஒரு மேசைக்கு மூன்று பக்கம், சுமார் இருபது அடிக் கம்பி. சுருக்கம் விட்டுத் தைத்தால் நாலடி அகலத் துணியில் எட்டுத் துண்டு, ஏறக்குறைய 19 மீட்டர். நாலு மேசைக்கு 76 மீட்டர். ஈரோட்டில் மொத்தமாக எடுத்தால் மீட்டர் நூறு ரூபாய்க்குள் அடங்கும். துணியை நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்துத் தருகிறோம். கூலி வேண்டாம். நான் குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன், ஒரே ஒரு தடவைதானே பார்த்தேன். சரியாக அளவெடுக்க என்னை ஒரு நாள் உள்ளே விட வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாவது மேசைப் பெண்ணின் அக்கா