லிட்டன் பிரபுவின் வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியிலிருந்து இலண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரை விண்ட்சர் கோட்டைக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் கூட்டிச் செல்கிறார்கள். எங்கள் வரலாற்றோடு அவற்றைவிட நெருங்கிய வீடொன்று ஹேர்ட்ஃபோர்ட்ஷையரில் இருக்கிறது. நெப்வொர்த் மாளிகை 1490 முதல் லிட்டன் குடும்பத்திடமே உள்ளது. 1876 முதல் 1880 வரை இந்திய வைசிராயாக இருந்தவர் அந்தக் குடும்பத்து லிட்டன் பிரபு. தென்னிந்தியாவை 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அவர் காலத்தில் வந்தது.

கிங்ஸ் குறொஸிலிருந்து ஸ்டீவனேஜுக்குப் புகையிரதத்தில் போய், அங்கிருந்து வாடகைக் கார் பிடிக்கலாம். தூரம் ஏறக்குறைய இரண்டு மைல். நெப்வொர்த் என்ற பெயரில் வேறொரு நிலையமும் உண்டு. பெயரைப் பார்த்து அங்கே இறங்கவேண்டாம், பிரதான வாசல் ஸ்டீவனேஜ் பக்கம். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பின் அங்கத்துவ அட்டை இங்கே செல்லாது, வீடு அவர்களுடையதல்ல. குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், பெரிய இசைநிகழ்ச்சி நாட்களிலும் வீட்டைப் பார்க்கமுடியாது. திகதியை இணையத்தளத்தில் பார்க்காமல் கிளம்பினால் வாசலோடு திரும்பவேண்டிவரும்.

பலர் தவறவிடுவது நுழைவுச்சீட்டில்தான். பூங்காவுக்கும் தோட்டத்துக்கும் மட்டுமான சீட்டு விலை குறைவு என்று வாங்கிவிட்டால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் இறங்கினால் பின்னேரம்வரை வெளியே வரமாட்டார்கள். ஆகவே முதலில் வீடு, பிறகு திடல். மாடிப்படிகள் உண்டு; முழங்கால் வலியுள்ள அம்மா, அப்பாவைக் கூட்டிச் செல்வோர் முன்பே தொலைபேசியில் கேட்டுவைப்பது நல்லது.

இதுபோன்ற பழைய வீடுகளில் கூரான குதி வைத்த சப்பாத்து கூடாது. உடலின் பாரம் முழுதும் ஒரு புள்ளியில் இறங்கிப் பலகையைக் குழியாக்கிவிடும். முதுகுப்பையை முன்னால் மாட்டச் சொல்வார்கள். யன்னல் திரைகளும் இறங்கியே இருக்கும்: வெளிச்சம் படப்படத் துணியும் நீர்வர்ண ஓவியமும் வெளிறும், வெளிறியதை மீட்க வழியில்லை. உள்ளே போனதும் கண் பழகும்வரை கொஞ்சம் நில்லுங்கள்.

வெளியே தெரியும் கோபுரங்களும் சிங்காரமும் 19ஆம் நூற்றாண்டில் சேர்த்த சாந்துவேலை. அதன் அடியில் இருப்பது பழைய செங்கல் வீடு. சாந்து வெடித்த இடத்தில் மழைநீர் புகுந்து, பனியில் உறைந்து, விரிந்து, பாளம் பாளமாகப் பெயர்க்கும். இத்தகைய செலவுகளுக்குத்தான் 1974 முதல் அங்கே இசைநிகழ்ச்சி நடத்துகிறார்கள்.

நாங்கள் வற்புறுத்துவது லிட்டனின் ஆட்சிக்காலம் பற்றிய காட்சிப் பகுதியை. 1877 ஜனவரி 1ஆம் திகதி விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவித்த டெல்லி தர்பாரை அங்கே காணலாம். அதே மாதத்தில் சென்னை மாகாணத்தில் சனம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது. தானியச் சந்தையில் அரசு தலையிடக்கூடாது என்பது லிட்டனின் கொள்கை. பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க அவர் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று கூலியை வெட்டினார். அது உயிர்தரிக்கப் போதாது என்று அம்மாகாணச் சுகாதார ஆணையாளர் டாக்டர் கோர்னிஷ் அப்போதே எதிர்த்தார். 1878இல் இந்தியமொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்தவரும் லிட்டன்தான். பத்திரிகை ஆசிரியரான தங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

இலங்கை அவருடைய ஆட்சிக்குள் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் பெருந்தொகையாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தோர் பலர். 1977, 1983 வன்செயல்களின்பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய மலையகக் குடும்பங்களில் அவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள்.

ஆகவே சுற்றிக்காட்டுபவரிடம் பஞ்சத்தைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். இலண்டனில் உள்ள வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் கோடைச் சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கும்போது, குழுவாக வருவதாக மாளிகை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதி, 1876 முதல் 1878 வரையான பஞ்சத்தைப் பற்றியும் விளக்கம் வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடவேண்டும்.

வரலாற்றுப் பாட ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி.