அது கவனிக்காம விட்ட துரு இல்லீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல சிகாகோ பத்தி வந்த பயணக் கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா டேலி பிளாசாவுல நிக்கிற, ஓவியர் பிக்காசோ வடிவமைச்ச இரும்புச் சிலைய 'பெயிண்ட் கூட அடிக்காம துருப்பிடிக்க விட்டுட்டாங்க'ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதத்தான் பொறுக்க முடியல. முப்பது வருஷம் வெல்டிங்ல இருந்தவன் நான், மகன் வீட்டுக்குப் போனப்ப அந்தச் சிலைய தொட்டே பாத்துட்டு வந்தேன்.

அது கார்டென் ஸ்டீல். செம்பு, குரோமியம், நிக்கல்னு கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்சு, திரும்ப நனைஞ்சு காஞ்சு, மேல துரு ஒரு தோலு மாதிரி கெட்டியா புடிச்சுக்கும், அப்புறம் உள்ள அரிக்கிறது ரொம்பக் கொறஞ்சிடும். சாதா இரும்புல துரு பொலபொலன்னு உதிரும், இதுல அப்படி உதிராது, அந்தத் துருதான் அதுக்கு பெயிண்டே. பின்னாடி இருக்கிற கோர்ட் பில்டிங் 1965ல கட்டினது, அதுவும் இதே ஸ்டீல்தான், வேணும்னே ஜோடி சேத்திருக்காங்க. நம்ம ஐசிஎஃப் ரயில் பெட்டிக்குக் கூட இந்த வகை பிளேட்டு போட்டிருக்காங்க, பெயிண்ட் அடிச்சுடறதால யார் கண்ணுக்கும் தெரியல. (கடல் உப்புக்காத்து இதுக்கு ஆகாது, மெரினாவுல ஒண்ணு வைக்கலாமேன்னு யாரும் கெளம்பிடாதீங்க.)

சிலையோட உயரம் 50 அடி, எடை 162 டன். பிக்காசோ செஞ்சு குடுத்தது மூணரை அடி மாடல்தான், சிகாகோ பக்கம் எட்டிக்கூட பாக்கல, குடுக்க வந்த 1 லட்சம் டாலரையும் வேணாம்னுட்டாரு. அத அம்பது அடிக்கு ஏத்தினது பக்கத்து இண்டியானாவுல கேரிங்கிற ஊர்ல யு.எஸ். ஸ்டீல் ஆளுங்க, அங்கயே ஒரு தடவ முழுசா சேத்துப் பாத்துட்டு, கழட்டி கொண்டாந்து மறுபடி நிறுத்தி, 1967 ஆகஸ்ட் 15ல தெறந்திருக்காங்க. முகத்துக்கும் பின்னாடி ரெக்கை மாதிரி விரிஞ்ச பிளேட்டுக்கும் நடுவுல வீணைத் தந்தி கணக்கா ராடு ராடா போகும், அத அலைன்மென்ட் பாத்து நிறுத்தறது எவ்வளவு கஷ்டம்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும். கட்டுரையில அவங்களப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

அடியில சரிவா ஒரு பிளேட்டு வரும், ஊர்ப் பசங்களுக்கு அதான் சறுக்குமரம். என் பேரனும் ஏறி நாலு தடவ சறுக்கினான், வெள்ளை பேண்ட்டு போச்சுன்னு மருமக ஓடி வந்துச்சு, பாத்தா லேசா பழுப்புத் தூசி, ரெண்டு தட்டு தட்டினதும் போயிடுச்சு. பசங்க சறுக்கிச் சறுக்கி அந்த எடம் மட்டும் வழவழன்னு மினுங்குது.

முடிஞ்சா ஒரு மூலையில திருத்தம் போடுங்க. நாய் மொகம் மாதிரி இருக்குன்னு எழுதினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது.

இப்படிக்கு,
ரிட்டையர்டு வெல்டர், திருச்சி