சனிக்கிழமை பயிற்சி: நோயாளியோடு சேர்ந்து முடிவெடுத்தல்

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதா, மார்பகத்தையே அகற்றுவதா? இரண்டிலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றே என்பது 2002-ல் வெளியான 20 ஆண்டுத் தொடர் ஆய்வுகளில் உறுதியானது.

மூன்று மூன்று பேராக உட்கார்ந்து நடித்துப் பாருங்கள்: ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, ஒருவர் கவனிப்பவர். 10 நிமிடத்துக்கு ஒருமுறை வேடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மருத்துவராக இருப்பவர் "இதுல ரெண்டு வழி இருக்கு, சேர்ந்தே முடிவு பண்ணலாம்" என்று தொடங்குங்கள். பலர் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். இதைச் சொல்லாவிட்டால் "நீங்களே பாத்து செய்யுங்க டாக்டர்" என்றுதான் பதில் வரும்.

ஒப்பிடும்போது கட்டியை மட்டும் எடுத்தால் அதே மார்பகத்தில் திரும்ப வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதை மறைக்காதீர்கள். 15 தவணைக் கதிர்வீச்சு என்றால் வாரம் 5 நாளாக 3 வாரம் பஸ் ஏற வேண்டும், அதையும் சொல்லுங்கள். மார்பகத்தை அகற்றினாலும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும்.

"புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்ல கேட்டா என்னன்னு சொல்வீங்கம்மா?" என்று கேளுங்கள். நோயாளியோடு வந்த மகன் முந்திக்கொண்டால், "அம்மா சொல்லட்டும் தம்பி, அப்புறம் உங்ககிட்ட வர்றேன்."

கவனிப்பவர்கள் கடிகாரம் கொண்டு வாருங்கள்: கேள்வி கேட்டபின் மருத்துவர் எத்தனை நொடி பேசாமல் காத்திருந்தார் என்று குறிக்க வேண்டும்.