துணிப் பட்டையை ஒதுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மடக்குச் சவரக்கத்தியை இளைஞர்கள் மீண்டும் விரும்பி வாங்குவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கத்தியைத் தோல்வாரில் தீட்டும் முறையை நன்றாகவே விளக்கிய கட்டுரையாளர், தோலுக்குப் பின்னால் அதே வளையத்தில் தொங்கும் துணிப் பட்டையைத் தேவையற்றது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். ஏற்காட்டில் நாற்பது ஆண்டுகளாக இந்தக் கத்தியாலேயே சவரம் செய்துவருகிறவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறேன்.

சேலம் உருக்காலையிலிருந்து வரும் துருப்பிடிக்காத எஃகைப் போன்றதன்று பெரும்பாலான சவரக்கத்திகளின் எஃகு. அது கார்பன் மிகுந்தது. நுண்ணிய கூர் ஏறும், ஆனால் ஈரம் பட்டால் எளிதில் துருப்பிடிக்கும். துரு முதலில் கெடுப்பது கத்தியின் மிக மெல்லிய பகுதியான வாயைத்தான். சவரம் முடிந்ததும் முகம் துடைக்கும் துண்டால் அலகைத் துடைத்துவிடலாம். ஆனால் வாயின் ஓரத்தில் நிற்கும் ஈரத்தையும் சோப்புப் படிவையும் துண்டால் அழுத்தித் துடைத்தால் கூரும் போகும், விரலும் அறுபடும். அந்த ஓரத்தைத் துடைக்கவே துணிப் பட்டை இருக்கிறது. ஆளி விதை தரும் செடியின் நாரில் நெய்த லினன் இதற்கு மிகவும் ஏற்றது; அதன் சொரசொரப்பான நெசவு ஈரத்தையும் தொடக்க நிலைத் துருவையும் எடுத்துவிடுகிறது. கெட்டியான பருத்திக் கித்தானும் பயன்படும். தோல்வார் செய்வது வேறு வேலை: சவரத்தில் மடங்கிய நுண்முனையை நேராக்கி மெருகேற்றுகிறது. அழுக்கோடு தோலில் இழுத்தால் அந்த அழுக்கு தோலிலேயே தங்கும்.

என் தந்தையார் காப்பித் தோட்டத்தில் பணிபுரிந்தவர். சவரம் முடிந்ததும் துணியில் பத்து இழுப்பு இழுத்து, அலகில் தேங்காய் எண்ணெய்யை மெல்லியதாகத் தடவிய பிறகே கத்தியை உறைக்குள் வைப்பார். அவர் மறைந்தபின் கத்தி என் கைக்கு வந்தது. பழுப்பேறிக் கிடந்த அந்தத் துணியை நான் கழற்றி எறிந்துவிட்டேன். ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும்; தோல் பொருள்களில் பூஞ்சணம் பூக்கும். அந்த ஒரு மழைக்காலத்துக்குள் கத்தியின் வாய் நெடுகக் கரும்புள்ளிகள் விழுந்தன. சாணைக்கல்லில் வைத்து அவற்றைத் தேய்த்து எடுத்தபோது அலகின் அகலமும் குறைந்தது. அந்த இழப்பு இன்றும் என்னை வருத்துகிறது.

புதியவர்களுக்காக முறையையும் சொல்லிவிடுகிறேன். சவரத்துக்கு முன் துணியில் இருபது முதல் முப்பது இழுப்பு, அதன்பின் தோலில் ஐம்பது, அறுபது இழுப்பு போதும். பட்டையை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் வாய் உருண்டு மழுங்கும். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரப் பட்டையில் படிந்திருக்க, முதுகு முன்னே போக வாய் பின்னே வர இழுத்து, கோடியில் முதுகை ஊன்றியே திருப்ப வேண்டும். வாயை ஊன்றித் திருப்பினால் பட்டையும் வெட்டுப்படும், கூரும் கெடும். புதுத் துணி கஞ்சிப் பசையால் விறைத்திருக்கும். அதைத் தனியே கழற்றி அலசி, இழுத்துக் கட்டி உலர்த்தி, கண்ணாடிப் புட்டியால் அழுத்தித் தேய்த்தால் பதப்படும். தோல்வாரில் மட்டும் தண்ணீர் படக் கூடாது.

முடிதிருத்தகங்களில் வாடிக்கையாளருக்கு ஒரு பிளேடு என்ற முறை வந்தபின் தோல்வார் மறைந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. இரத்தத்தின் வழியே தொற்றும் நோய்களைக் கருதினால் அந்த மாற்றம் மிகச் சரியானது. வீட்டில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் கத்திக்கே நான் சொல்வது பொருந்தும்.

துணிப் பட்டையில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தடவும் பழக்கமும் பரவிவருகிறது. பசை எஃகைத் தேய்க்கும் பொருள். கூர் குறையும்போது எப்போதாவது பயன்படுத்த வேண்டியது. அதற்குத் தனியாக ஒரு பட்டையை வைத்துக்கொண்டு, அன்றாடம் ஈரம் எடுக்கும் துணியைப் பசையில்லாமல் வைத்திருக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.