முப்பது படிகளுக்கும் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

நேற்று மாலை எங்கள் படிக்கட்டு நூலின் 30-ஆவது பெட்டியின் மூடியும் சரியாகப் பொருந்தியது. ஒன்றரை வருட வேலை. 12 படங்கள், 9 கவிதைகள், 24 பக்கங்களாக மடிந்து விரியும் ஒரே நீளத் தாள். விற்பனைக்கு 30 பிரதிகள், எங்கள் கையில் 4. எண் போட்டு, புகைப்படக் கலைஞர், நூலை வடிவமைத்த கட்டடக் கலைஞர், கவிதை எழுதிய நான் என மூவரும் கையெழுத்திட்டு முடித்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்தேன். உதவியவர்களில் இருவர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி புகைப்படக் கலைஞருக்கு. பல வருடங்களாக அவர் படிக்கட்டுகளை மட்டுமே படம் எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் தேய்ந்து குழிந்த கல் படிகள், சுழன்று இறங்கும் இரும்புப் படிகள், மேலே மாடியே கட்டாமல் பாதியில் நிற்கும் சிமெண்டுப் படிகள். ஒருநாள் ஒரு கட்டுப் படங்களைக் கொண்டுவந்து, “ஏறுவதும் படி, வாசிப்பதும் படி, நூலின் பிரதியும் படி. நீங்கள்தான் எழுத வேண்டும்” என்றார். அந்த ஒரு வரிக்காகவே ஒப்புக்கொண்டேன்.

14 கவிதைகள் எழுதினேன். கட்டடக் கலைஞர் படங்களையும் கவிதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “படத்தில் இருப்பதைத்தான் கவிதையும் சொல்கிறது” என்றார். வலித்தது. அப்புறம் அவர் என்னை ஒரு படிக்கட்டுக்கு அழைத்துப்போய் அளவு நாடாவைக் கையில் கொடுத்தார். ஒரு படியின் உயரத்தை இரண்டு மடங்காக்கி, கால் வைக்கும் மிதியின் அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 65 செ.மீ.க்குள் வர வேண்டுமாம். அது ஒரு மனிதர் இயல்பாக எடுத்து வைக்கும் ஒரு காலடியின் நீளம். பிளாண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் 17-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த கணக்கு. எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருந்து, ஒன்று மட்டும் ஒரு செ.மீ. கூடினாலும் கண்ணுக்குத் தெரியாது, கால் தடுக்கும். “உங்கள் கவிதையில் எங்கே தடுக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். அடி என்ற சொல்லைப் பாதத்துக்கும் கவிதை வரிக்கும் ஒன்றாக வைத்திருக்கும் மொழியில் எழுதுகிறேன். அந்தக் கேள்வியை யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. 5 கவிதைகளை எடுத்துவிட்டேன், மற்றவற்றைத் திருப்பி எழுதினேன். இந்த நன்றியை எவ்வளவு சொன்னாலும் போதாது.

கணக்குப் பார்ப்பவர்கள் கவனித்திருப்பீர்கள்: 12-உம் 9-உம் 21. மிச்சம் 3 பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவை லேண்டிங். ஏறுகிறவர் நின்று மூச்சு வாங்கும் இடம் நூலிலும் வேண்டும் என்பது கட்டடக் கலைஞரின் பிடிவாதம். அந்த இடத்தில் இன்னும் இரண்டு படங்கள் வைக்க வேண்டும் என்பது புகைப்படக் கலைஞரின் ஆசை. இரண்டுமே அருமையான படங்கள். ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று வாரம் பேசினோம். கடைசியில் அவர் வெற்றுத் தாளை மடித்த மாதிரியைத் தனியாக வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் வந்து, “எடுத்துவிடலாம்” என்றார். தன் படத்தைத் தானே எடுத்து வைக்கும் மனது எல்லோருக்கும் வராது. ஐயா, அந்த மூன்று பக்கங்களும் உங்களுடையவை.

படங்களை நீல அச்சில் போடலாம் என்றதும் புகைப்படக் கலைஞர்தான். 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் முறை. கட்டடக் கலைஞர்கள் தங்கள் வரைபடங்களை நகலெடுக்கப் பல காலம் நம்பியிருந்த புளூபிரிண்ட்டும் இதே ரசாயனம்தான். இதைக் கேட்டதும் எங்கள் கட்டடக் கலைஞரின் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலச வேண்டும். 34 பிரதிகளுக்கு 408 நல்ல படங்கள் தேவை. மஞ்சள் நீர் வடிந்து தீரும்வரை பொறுமையாக அலசிக் கொடுத்த பிள்ளைகளே, விடுமுறையை எங்களுக்குக் கொடுத்தீர்கள். விரல் நுனி ஊறிப்போனதைக் காட்டிச் சிரித்தீர்களே, அது கண்ணிலேயே நிற்கிறது.

முதலில் வாங்கிய தாள் முழுவதும் வீணாகப் போனது. அமிலம் இல்லாத நல்ல தாள்தான். ஆனால் நீண்ட காலம் கெடாமல் இருக்க அதில் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருந்தார்கள். இந்த நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. அலசி எடுத்தால் படம் வெளிறிக் கிடந்தது. நாங்கள் கலங்கி நின்றபோது காரணத்தைக் கண்டு சொன்னவர் நூல் கட்டுநர் அம்மா. சுண்ணாம்பு சேராத பருத்தித் தாளைத் தேடித் தந்தவரும் அவரே. அதோடு, மடிப்பு தாளின் நார் ஓடும் திசையிலேயே விழ வேண்டும், குறுக்கே விழுந்தால் வெடிக்கும் என்று சொல்லி, கட்டடக் கலைஞரின் வடிவமைப்பையே மாற்ற வைத்தார். வீணான தாளில் 11 மாதிரிகள் செய்து பார்த்தோம். அம்மா, பெட்டியின் உட்புறத்துக்கும் நீலத்துக்கு ஊறு செய்யாத அட்டையாகத் தேடினீர்கள். அதைச் செய்யச் சொல்ல எங்களுக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

அச்சுக்கோத்த பெரியவரே, உங்கள் ஈய எழுத்துப் பெட்டியில் ‘லை’யும் ‘ணை’யும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில், துதிக்கை தூக்கி நின்றன. “மாற்றட்டுமா?” என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றோம். என் கவிதைகளில் ‘இல்லை’ அதிகம். எழுத்து போதாமல், ஒரு பக்கம் அச்சானதும் பிரித்துப் போட்டுத்தான் அடுத்த பக்கத்தைக் கோக்க முடிந்தது. ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை நீங்கள். 7-ஆம் கவிதையில் நான் விட்ட ஒற்றுப்பிழையையும் சொல்லாமலே திருத்தியிருந்தீர்கள். ப்ரூஃபில் பார்த்துக்கொண்டேன்.

மெய்ப்புப் பார்த்த தோழிக்கும், பூசிய தாள்களை உலர்த்த இருட்டறை கொடுத்தவருக்கும் அன்பு.

ஒன்றையும் பார்க்காமலே முன்பணம் அனுப்பியவர்களே, அந்தப் பணத்தில்தான் இரண்டாம் முறை தாள் வாங்கினோம். உங்கள் பிரதிகள் இந்த வாரம் கிளம்புகின்றன. விரித்து, நிற்க வைத்துப் பாருங்கள். ஆனால் நேர் வெயிலில் வேண்டாம். வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம் மங்கினால் பயப்படாதீர்கள். மடித்துப் பெட்டிக்குள் இருட்டில் சில நாள் வைத்திருங்கள், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.