கமலாவுக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள கமலா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. பேத்தி படம் பார்த்தேன். அப்படியே உன் மாமியார் ஜாடை. கோபித்துக்கொள்ளாதே! இங்கே பிரிட்டனில் எல்லோரும் நலம். இவர் மார்ச்சோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் எழுந்தால் வண்டிப் பேச்சு, படுக்கப் போனால் வண்டிப் பேச்சு. உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த வேன் ஒன்று வாங்கப் போகிறோம். அதைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இவருக்கு ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றி வரவேண்டும் என்று நெடுநாள் ஆசை. நார்த் கோஸ்ட் 500 என்கிற அந்தச் சுற்றுப்பாதை ஐந்நூறு மைலுக்குச் சற்று மேல். ஆப்பிள்கிராஸ் ஊருக்கு ஏறும் மலைப்பாதை 626 மீட்டர் உயரம் போகிறது. ஒரு வண்டி போகிற அகலம், கொண்டை ஊசி வளைவு, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கும் இடம் பார்த்துப் பின்னால் போகவேண்டும். பெரிய வண்டிகள் வரவேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஆகவே சின்ன வண்டி என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எவ்வளவு சின்னது என்பதில்தான்.

முதலில் இவர் கண் போனது ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா மேல். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் பார்த்தது 2024 வரை வந்த மாடல்: நீளம் 4.9 மீட்டர், உயரம் 2 மீட்டருக்குள். இந்த ஊரில் கார் நிறுத்தும் கட்டம் 4.8 மீட்டர்; மூக்கு துளிதான் வெளியே நீட்டும் என்பதால் கடைகண்ணிக்குக்கூட ஓட்டிப் போகலாம். ராத்திரி கூரையைத் தூக்கினால் துணிச்சுவரோடு மாடியில் ஒரு படுக்கை. எல்லாம் சரி, கழிப்பறை எங்கே? தனியாக ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொள்ளலாமாம். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிற வயதில் எனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விலையைப் பார்த்ததும் இவரும் அடங்கிவிட்டார்.

அடுத்தது, உயரமான சரக்கு வேனை வாங்கி உள்ளே வீடு கட்டி விற்பது. வெளியே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் அடியில் பெரும்பாலும் ஃபியட் டுகாட்டோ. பெஜோ பாக்ஸரும் சிட்ரோன் ரிலேயும் அதே வண்டிதான், பெயர்தான் வேறு. வீடு கட்டுகிறவர்கள் அதிகம் எடுப்பது மூன்று நீளம்: 5.41, 5.99, 6.36 மீட்டர். நீளம் கூடினால் படுக்கையும் பெரிதாகும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் முதல் இரண்டிலும் படுக்கை பின்பக்கம் குறுக்காகப் போட்டிருக்கும். அப்போது நாம் நீட்டிப் படுப்பது வண்டியின் அகலத்தில். அகலமோ மூன்றுக்கும் ஒன்றே, வெளியே 2.05 மீட்டர், உள்சுவர் வைத்தபின் மிஞ்சுவது அதைவிடக் குறைவு. இவர் உயரம் 180 சென்டிமீட்டர். விற்பனைக்காரர் முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னேன். தலை ஒரு சுவரைத் தொட, கால் மறு சுவரை ஏறக்குறைய தொட்டது. கொஞ்சம் சாய்ந்து படுத்தால் போதும் என்கிறார். உள்பக்கம் படுத்தவர் எழுந்தால் இன்னொருவரைத் தாண்டித்தான் வரவேண்டும். நான் வழிப்பக்கம், இவர் பின்கதவுப் பக்கம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. 6.36-இல் நீளவாக்கில் இரண்டு தனிப் படுக்கை கிடைக்கும், யாரும் யாரையும் தாண்டவேண்டாம். அது மட்டும் மனசுக்குள் இன்னும் இழுக்கிறது.

அப்படியானால் 5.99-இல் கூடுதலாகக் கிடைக்கும் 58 சென்டிமீட்டர் எங்கே போகிறது? சமையல் மேடை, துணி அலமாரி, குளியலறை, இந்த மூன்றுக்கும். இதில் எனக்கு முக்கியம் மேடை. மூன்று லிட்டர் குக்கரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், சிரிக்காதே! இரண்டு அடுப்பும் நெருங்கி இருக்கின்றன. ஒன்றில் குக்கர் ஏறினால் மற்றதில் தாளிப்புக் கரண்டிக்கு மட்டும்தான் இடம். நேர் மேலே அலமாரி; விசில் வந்தால் ஆவி அத்தனையும் அந்தப் பலகையில். போதாததற்குப் படுக்கை விரிப்பு மூன்றடி தள்ளி. புளிக்குழம்பு வைத்தால் ஒரு வாரத்துக்குப் புளிக்குழம்பில்தான் தூங்கவேண்டும். எனவே தாளிப்பெல்லாம் வெளியே, கேஸ் அடுப்பு ஒன்று தனியாக வைத்து. உள்ளே சோறு, உப்புமா, காபி. இப்படி வைத்துக்கொண்டால் சின்ன மேடையே போதும்.

இப்போது எடை. உண்மையில் யோசிக்கவேண்டிய இடம் இதுதான், விற்கிறவர்கள் தாமாகப் பேசாத விஷயமும் இதுதான். 1997-க்கு முன்னால் இங்கே உரிமம் வாங்கியவர்கள் 7.5 டன் வரை ஓட்டலாம். நாங்கள் அதற்கப்புறம் வாங்கியவர்கள். எங்களுக்கு எல்லை 3,500 கிலோ. அதைத் தாண்டினால் அபராதம் மட்டுமில்லை, விபத்து நடந்தால் காப்பீட்டிலும் வம்பு. வண்டி தானே 3,000 கிலோ, மீதி 500 நமக்கு என்று விளம்பரத் தாளில் இருக்கும். அந்த 3,000-இல் ஓட்டுநருக்கு 75 கிலோவும் டீசலும் சேர்த்தி, சரி. ஆனால் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் 20 லிட்டர் மட்டும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுகிற நிறுவனங்கள் உண்டு. அங்கேயே 80 கிலோ போயிற்று. அச்சடித்த எடைக்கும் உண்மை எடைக்கும் 5 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. 3,000 கிலோவுக்கு அது 150. பக்கவாட்டு வெயில் மறைப்பு, இரண்டாவது பேட்டரி, சைக்கிள் மாட்டும் சட்டம் எல்லாம் அப்புறம் போடுவது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதற்கும் மேல் நான், என் அரிசி, பருப்பு, இவருடைய மடக்கு நாற்காலிகள். மருந்துக்கடையில் முப்பது வருஷம் மில்லிகிராம் பார்த்த எனக்கு இந்தக் கணக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய வண்டியோ புதியதோ, பணம் கொடுக்குமுன் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று இவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. பிரான்ஸ் பக்கம் இந்த மாதிரி வண்டிகள் ராத்திரி தங்கும் சில முகாம்களில் 6 ஆம்பியர்தான் தருவார்களாம். 230 வோல்ட்டுக்கு அது 1,380 வாட். நம் வீட்டுக் கெட்டிலைப் போட்டால் ஃப்யூஸ் விழும். 900 வாட் கெட்டில் வாங்கினால் முடிந்தது.

பழைய வண்டியும் பார்த்தோம். வேனுக்குப் பதில் தனியாகப் பெட்டி கட்டி ஏற்றிய வகை, உள்ளே நல்ல விசாலம். ஏறியதும் எலுமிச்சை வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. எதை மறைக்க இத்தனை வாசனை என்று எனக்குச் சந்தேகம். பெட்டி வகையில் பலகைகள் சேரும் மூலைகளில் தண்ணீர் இறங்கும். ஈரம் பார்க்கும் கருவியை வைத்தால் 15 சதவீதம் வரை பயமில்லை, 20-ஐத் தாண்டினால் தோண்டிப் பார்க்கவேண்டும். அந்த வண்டியில் பின்மூலை சன்னலுக்குக் கீழே விரலால் அழுத்தினேன், சுவர் உள்ளே போனது. கடைக்காரர் காலநிலையைக் குறை சொன்னார். ஒன்றும் பேசாமல் இறங்கி வந்துவிட்டோம். இரும்பு வேனில் துருவைத்தான் பார்க்கவேண்டும், அது கண்ணுக்காவது தெரியும். மகள் லண்டனைச் சேர்ந்த குரோய்டனில் இருக்கிறாள், டீசல் என்றால் யூரோ 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் இருந்தால்தான் லண்டனுக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு புகைக் கட்டணம் கட்டாமல் போகமுடியும். இந்த ஒரே காரணத்தால் பழைய வண்டிகளில் பாதி தானாகக் கழிந்துவிடுகிறது.

ஆக, என் மனசு 5.41-க்குச் சாய்கிறது. வீட்டு வாசலில் சுவரிலிருந்து நடைபாதை வரை அளந்தேன், 5.6 மீட்டர். பெரியதை வாங்கினால் மூக்கு தெருவில் நிற்கும், இல்லாவிட்டால் வருஷா வருஷம் வேறெங்காவது வாடகை கொடுத்து நிறுத்தவேண்டும். அதே 3,500 கிலோ அனுமதியில் குட்டி வண்டி தானே இலேசு, ஆகவே சுமக்க மிச்சம் அதிகம். இவர் இன்னும் 5.99 பக்கம். மே மாதம் ஒரு 5.41-ஐ வாடகைக்கு எடுத்து வேல்ஸ் போய் வருவதாக இருக்கிறோம். மழையில் நனைந்து வந்து அந்தச் சின்னக் குளியலறையில் இவர் சட்டை கழற்றட்டும், அப்புறம் பேசலாம்.

ஆகஸ்டில் நீயும் அண்ணனும் வருகிறீர்கள் இல்லையா? இரண்டு பேர் படுக்கிற வண்டியில் நான்கு பேர் போகலாமா என்று கேட்டிருந்தாய். பின்னால் சாய்வு மெத்தையாக இருக்கும் வகையில் பெரும்பாலும் முன்சீட்டுக்கு மட்டும்தான் பெல்ட். நாங்கள் பார்ப்பதில் நடுவில் பெல்ட்டோடு இரண்டு இருக்கை உண்டு. பகலில் நால்வரும் போவோம், ராத்திரி உங்களுக்குப் பக்கத்து ஊரில் அறை எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு நீங்கள் இருவரும் எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியவேண்டும். பெட்டியோடு சேர்த்து, ஒளிக்காமல் எழுது. அண்ணன் குறைத்துச் சொல்வார், நீயே நிற்கவைத்துப் பார்.

அன்புடன்,
மீனாட்சி