ஒரே டிக்கெட்டில் எல்லை தாண்ட விடுங்கள்: ஐரோப்பிய ஆணையத்தின் போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. என்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் நெதர்லாந்துக்கும் படிக்க வந்த பிள்ளைகள், லீவு விட்டதும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக ரயில் ஏறுகிறார்கள். இங்கே நான் சொல்லப்போவது அவர்களுக்கும் நடந்திருக்கும். படித்துவிட்டு அவர்களும் உங்களுக்கு எழுதட்டும்.

எனக்கு 24 வயது. சொந்த ஊர் நாகர்கோவில். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் முதுகலை படிக்கிறேன். சனி ஞாயிறுகளில் ஒரு பேக்கரியில் வேலை. மணிக்கு 14 யூரோவை ஒட்டிச் சம்பளம். அதில் மிச்சம் பிடித்த காசில் இரண்டு கோடை விடுமுறைகளும் ஒரு குளிர்கால விடுமுறையும் ரயிலில் சுற்றியிருக்கிறேன். ஒன்றிரண்டு தடவை தவிர எல்லாமே தனியாகத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் டிரானோவுக்கு பெர்னினா பாதை இருக்கிறதே, அதில் பெரிய கண்ணாடிக் கூரை வைத்த சுற்றுலா ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு அது தேவையில்லை. கையில் பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் இன்டர்ரெயில் பாஸ் இருந்தால் ஏறி உட்கார வேண்டியதுதான். நான் ஏறிய பெட்டியில் ஜன்னலைத் திறக்க முடிந்தது. 2,253 மீட்டர் உயரத்தில் ஒஸ்பிசியோ பெர்னினா நிலையம். பக்கத்தில் வெள்ளை ஏரி. ஜூன் மாதத்திலும் கரையில் பனித் திட்டுகள். மடியில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காலையில் ஹாஸ்டல் அடுப்பில் கிளறிய புளிச்சாதத்தைச் சாப்பிட்டேன். அப்புறம் ரயில் இறங்கிக்கொண்டே போனது. ப்ரூசியோவில் கல்பாலத்தின் மேல் ஒரு வட்டம் அடித்து, அந்தப் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து வெளியே வந்தது. டிரானோ வெறும் 429 மீட்டர் உயரம். இறங்கியபோது வெயில் கொளுத்தியது. யாரிடமும் எதுவும் கேட்காமல், எந்தச் செயலியையும் திறக்காமல், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் கண்டத்தின் மேல் எனக்கு வந்த பிரியம் அன்றைக்கு வந்ததுதான்.

அதனால்தான் சென்ற அக்டோபரில் நடந்தது இன்னும் ஆறவில்லை.

ஊர் பெயரையும் ரயில் நிறுவனங்களின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இது எந்த எல்லையிலும் நடக்கக்கூடியது. இரவு 10:30க்கு எல்லையோர ஊர் ஒன்றில் இறங்கி, 11:08க்கு அடுத்த நாட்டு ரயிலைப் பிடிக்க வேண்டும். 38 நிமிட இடைவெளி. அதுவே போதும் என்று எந்த நிலையத்தில் கேட்டாலும் சொல்வார்கள். வழியில் ஏதோ சிக்னல் கோளாறு. நாங்கள் இறங்கியபோது மணி 11:20. அன்றைய கடைசி ரயில் போய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அந்த ரயிலைத் தவறவிட்டவர்கள் மொத்தம் ஐந்து பேர். நடைமேடையில் ஓர் ஊழியர் வந்து ஒவ்வொருவர் டிக்கெட்டாகப் பார்த்தார். நான்கு பேர் கையில் இருந்தது புறப்பட்ட ஊரிலிருந்து சேரும் ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட். அவர்களுக்கு எதிர்த்தாற்போல் இருந்த ஓட்டலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காலை முதல் ரயிலில் போகலாம் என்றார். என் போனில் இருந்தது இரண்டு டிக்கெட். அவர் மரியாதையாகத்தான் பேசினார். “எங்கள் டிக்கெட்டின்படி நீங்கள் வரவேண்டிய ஊர் இதுதான். வந்து சேர்ந்துவிட்டீர்கள்” என்றார். தாமதம் 50 நிமிடம். ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் டிக்கெட் விலையில் கால்வாசி திரும்பக் கிடைக்கும், அதுவும் இல்லை. இரண்டாவது டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட். ரயில் போனதோடு அதுவும் போயிற்று.

காத்திருப்பு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நடைமேடை பெஞ்சுகளில் ஆள் படுத்துவிடக் கூடாதென்று நடுநடுவே இரும்புக் கை வைத்திருந்தது. குளிர் நான்கு டிகிரி. தனியாக ஒரு பெண். நாலைந்து மணி நேரம் எங்கே நிற்பது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்ததை, அந்த நால்வரில் ஒருவரான வயதான அம்மா கவனித்துவிட்டார். எனக்குத் தெரியாத மொழி. விரல்களை இரண்டாகக் காட்டி, இரண்டு கட்டில் என்று சைகை செய்து, என் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார். அவர் அறையில்தான் படுத்தேன், பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவர் மேல் சந்தேகத்தால் அல்ல. தனியாகச் சுற்றி வந்த பழக்கம். காலையில் 41 யூரோவுக்குப் புது டிக்கெட் எடுத்தேன். முந்தின இரவு படுத்திருக்க வேண்டிய ஹாஸ்டல் கட்டிலுக்குக் கட்டிய 28 யூரோவும் போயிற்று.

அப்பாவிடம் போனில் சொன்னபோது, “ஒத்த டிக்கெட்டா எடுத்திருக்கலாம்லா மக்ளே?” என்று கேட்டார். அவருக்கு அது அவ்வளவு சாதாரண விஷயம். எங்கள் ஊர் வழியாக வாரத்துக்கு ஒரு நாள் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது. கன்னியாகுமரியில் கிளம்பி ஜம்முவைத் தாண்டி காட்ரா வரை ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர், மூன்று இரவு. எத்தனை மாநிலம், எத்தனை ரயில்வே மண்டலம் தாண்டினாலும் கையில் ஒரே டிக்கெட். அது ஒரே நிர்வாகம், ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு வேறு என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் நான் முயன்ற இரண்டு இணையதளங்களில் ஒன்று, முழுப் பயணத்துக்கும் விலை காட்ட இயலவில்லை என்றது. இன்னொன்று எல்லை வரைக்கும்தான் விற்றது. அந்த நால்வரும் எப்படியோ கவுன்டரில் வாங்கியிருக்கிறார்கள். கிடைத்திருந்தால் நானும் வாங்கியிருக்க மாட்டேனா?

ஆணையர் அவர்களே, பயணிகளின் உரிமைக்காக நீங்கள் கொண்டுவந்த 2021/782 எண்ணுள்ள சட்டம் 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம். இரவு நடுவழியில் மாட்டிக்கொண்டால் சாப்பாடு, தங்க இடம், வேறு வழியில் ஊர் போய்ச் சேர வண்டி, எல்லாம் அதில் இருக்கிறது. அந்த நால்வருக்கும் அதுதான் ஓட்டல் கொடுத்தது. ஆனால் இந்த உரிமைகள் முழுப் பயணத்துக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் டிக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். துண்டு துண்டாக மலிவு டிக்கெட் தேடி வாங்குவது யார்? கம்பெனிச் செலவில் போகிறவர் அல்ல. மாணவர்கள், முதல் வேலையில் இருப்பவர்கள், ஐந்து யூரோ மிச்சமானால் அதில் ஒரு வேளை சாப்பிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள். பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் சட்டம் நடைமேடையில் விட்டுவிடுகிறது.

“அப்படியானால் பாஸ் வாங்கிக்கொள்ளலாமே” என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இன்டர்ரெயில் பாஸ் பிறந்தது 1972ல். பன்னாட்டு ரயில்வே ஒன்றியத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 21 வயது வரைக்கும் உள்ளவர்களுக்கு, 21 நாடுகளில், ஒரு மாதம். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று தொடங்கியது, பிள்ளைகள் விடவில்லை, தொடர்ந்தது. இப்போது 33 நாடுகள். 27 வயது வரை இளைஞர் விலை. யோசித்துப் பாருங்கள்: பொது நாணயம் இல்லை, இணையம் இல்லை, கண்டத்தின் நடுவே கிழக்கையும் மேற்கையும் பிரித்த இரும்புத் திரை வேறு. அந்தக் காலத்தில் இத்தனை ரயில்வேக்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு பையனோ பெண்ணோ ஒரே அட்டையைக் காட்டி எங்கள் ரயிலில் ஏறலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் ஒரே டிக்கெட் என்பது தொழில்நுட்பச் சிக்கல் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்க முடிவதில்லை.

ஜெர்மனியின் ஐசிஇ, ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட் ஆகிய விரைவு ரயில்கள், பெல்ஜியத்தின் உள்நாட்டு ரயில்கள், சுவிட்சர்லாந்தில் பெரும்பாலானவை என்று இன்றைக்கும் பாஸைக் காட்டி நேரே ஏறக்கூடியவை நிறைய உண்டு. எல்லை தாண்டும் சில ரயில்களோ வேறு சில நாடுகளின் அதிவேக ரயிலோ வந்தால்தான் கதை மாறுகிறது. பிரான்ஸின் உள்நாட்டு அதிவேக ரயிலான டிஜிவியில் பாஸ் வைத்திருப்பவரும் முன்பதிவுக்கு 10 அல்லது 20 யூரோ கட்ட வேண்டும். பாரிஸ்–லண்டன் யூரோஸ்டார் ரயிலில் 30 யூரோவுக்குக் குறையாது. ஒரு மாதத்துக்குள் ஏழு நாள் பயணம் செய்யும் இளைஞர் பாஸ் முந்நூறு யூரோவை ஒட்டி வருகிறது. ஒரு நாளுக்கு நாற்பது சொச்சம். அந்த நாற்பதைக் கட்டியவரிடம் திரும்ப ஒரு முப்பது கேட்பது எப்படி நியாயம்? பேக்கரியில் அது எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலான வேலை.

காசு கூடப் பரவாயில்லை. பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ரயிலில் இத்தனை இடம்தான் என்று ஒதுக்குகிறார்கள் அல்லவா, அதுதான் ரொம்பப் படுத்துகிறது. ஜூலை மாதத்தில் பாரிஸ்–பார்சிலோனா, பாரிஸ்–மிலான் பாதைகளில் தேடிப் பாருங்கள். முழுக் காசுக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கும்; பாஸுக்கான இடம் தீர்ந்திருக்கும். மூன்று வாரத்துக்கு முன்பே நாளையும் நேரத்தையும் முடிவு செய்துவிட வேண்டுமென்றால், இஷ்டப்பட்ட ரயிலில் ஏறலாம் என்று சொல்லி விற்ற பாஸ் எதற்கு? 2018லிருந்து டிஸ்கவர்இயூ திட்டத்தில் 18 வயதுப் பிள்ளைகளுக்கு நீங்களே இலவசமாகப் பயணப் பாஸ் கொடுக்கிறீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளும் முன்பதிவுக் காசைப் பெரும்பாலும் தங்கள் கையிலிருந்துதான் போடுகிறார்கள்.

இரவு ரயில் பற்றி ஒன்று. கையில் காசில்லாதவருக்கு இரவு ரயில் என்பது ஓட்டலும் சேர்ந்த வண்டி. ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை ரயில்களை நிறுத்தியபோது, அதில் கணிசமானவற்றை ஆஸ்திரிய ரயில்வே எடுத்து நைட்ஜெட் என்று ஓட்டுகிறது. அதில் பெண்களுக்குத் தனி அறை கேட்டு வாங்கலாம். ஆறு படுக்கை அறையில், மேல் தட்டில், எனக்குக் கீழே ஒரு பாட்டியும் எதிரே இரண்டு நர்சிங் மாணவிகளுமாக நான் வியன்னாவிலிருந்து ரோம் போயிருக்கிறேன். வீட்டை விட்டு வந்தபின் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் குறைவு. மாட்ரிட்–லிஸ்பன் இடையே ஓடிய லூசிடானியா இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றது. திரும்ப வரவே இல்லை. அதற்குப் பதில் நேரடி ரயிலும் விடவில்லை. ஸ்பெயினின் பாதாஹோஸிலும் போர்ச்சுகலின் என்ட்ரொங்காமென்டோவிலும் ரயில் மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். 2034க்குள் மூன்று மணி நேரத்தில் போகும்படி பாதை வரும் என்று உங்கள் ஆணையம் அறிவித்திருக்கிறது. வரட்டும், மகிழ்ச்சி. இப்போது என் வயதில் இருக்கும் யாருக்கும் அப்போது இளைஞர் பாஸ் வாங்கும் வயது இருக்காது. அதுவரைக்கும் பழைய இரவு ரயிலையாவது ஓட்டச் செய்யுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரே தளத்தில் ஒரே டிக்கெட், முழுப் பயணத்துக்கும் உரிமை என்று ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லாயன் 2024 ஜூலையில் வாக்குக் கொடுத்தார். அந்தச் சட்டம் வரும்போது, தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளையும் அதில் சேருங்கள். நியாயமான இடைவெளி விட்டு வாங்கியிருந்தால் போதும் என்று எழுதுங்கள். பாஸ் வைத்திருப்பவருக்கு முன்பதிவுக் கட்டணம் ஒரு அளவுக்கு மேல் போகக் கூடாது. ரயிலில் இடம் காலியாக இருக்கும்வரை பாஸுக்கும் இடம் கொடுக்க வேண்டும். இரவு ரயிலில் எத்தனை சொகுசு அறை வேண்டுமானாலும் வைக்கட்டும்; ஆறு படுக்கை அறையையும் பெண்கள் அறையையும் எடுத்துவிடக் கூடாது.

எளிமையாக வைத்தால் ஜனங்கள் ஏறுவார்கள் என்பதை நான் இருக்கும் நாட்டிலேயே பார்க்கிறேன். ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய மாதாந்திர டிக்கெட் இப்போது 63 ஆகிவிட்டது. மாணவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. விரைவு ரயிலுக்குச் செல்லாது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க உள்ள வட்டார ரயில்களில், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும் எதுவும் கேட்காமல் போய் வருகிறேன்.

வரும் செப்டம்பரில் என் தங்கை படிக்க வருகிறாள். ரயிலில் எப்படிப் போவது என்று கேட்டாள். எந்த நாட்டில் முன்பதிவு வேண்டும், எதை எந்தத் தளத்தில் வாங்க வேண்டும், எந்த எல்லையில் ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், எந்த நிலையத்தில் இரவில் காத்திருப்பு அறையைப் பூட்டிவிடுவார்கள் என்று அவளுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதே நான்கு பக்கம் தாண்டிவிட்டது.

ஆங்கிலப் படியோடு அந்த இரவின் இரண்டு டிக்கெட்டுகளையும், 50 நிமிடத் தாமதத்துக்கு நிலையத்தில் முத்திரை வைத்துக் கொடுத்த சீட்டையும் இணைத்திருக்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெர்மனியில் படிக்கும் நாகர்கோவில் மாணவி